யூரியாவுக்குத் துணை, மாற்று அல்ல

"கடல்பாசிச் சாறு இருமுறை தெளித்தால் சம்பாவுக்கு யூரியாவே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. குறிஞ்சிப்பாடிப் பக்கம் இதை நம்பி யாரேனும் யூரியா மேலுரத்தை நிறுத்திவிடக் கூடாது என்பதால் மறுக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். மத்திய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்), அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பில் 5 சதவீதச் சாறு என்றால் 10 லிட்டர். இருமுறைக்கு 20 லிட்டர். அது முழுவதும் தழைச்சத்தாகவே இருந்தாலும் (உண்மையில் பெரும்பகுதி தண்ணீர்தான்) 60 கிலோவை எட்டுமா?

சாறு வீண் என்று நான் சொல்லவில்லை. மண்டபம் பக்கம் வளர்க்கும் கப்பாபைக்கஸ் பாசியின் சாற்றில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்), ஆக்சின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளும் இருக்கின்றன. வேர் ஓடவும் தூர் வெடிக்கவும் வறட்சியைத் தாங்கவும் அவை உதவும். உரம் இட்ட பயிர்தான் அந்த உதவியைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். 2021இல் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இத்தகைய சாறுகளை, உரம் என்றல்லாமல் 'உயிர்த்தூண்டி' என்று தனி வகையாகவே சேர்த்தார்கள்.

தேவனாம்பட்டினத்தில் கரையொதுங்கும் பாசியைக் காய்ச்சித் தெளிக்கலாம் என்ற உங்கள் யோசனை அதைவிடக் கவலை தருகிறது. எந்த இனப் பாசி என்று தெரியாது. ஒட்டியிருக்கும் கடலுப்பு இலையைக் கருக்கிவிடும். தயவுசெய்து அந்த வரியையாவது நீக்கிவிடுங்கள்.