டிராக்டர் ஒதுங்கிப் போகும் வட்டம்

அயர்லாந்துக்குக் குடிவந்த புதிதில், ஜன்னலைத் திறந்தால் எதிர் வயலின் நடுவே ஒரு வட்டம் தெரியும். இடுப்பளவு மண்கரை, அதன்மேல் முள்மரங்கள், உள்ளே முழுக்கப் புதர். புல் அறுக்கும் டிராக்டர் நேராக வந்து, அங்கே மட்டும் ஒதுங்கி வளைந்து போகும். கிட்டத்தட்ட கால் ஏக்கர் சும்மா கிடக்கிறதே என்று வயல்காரரிடம் ஒருநாள் கேட்டேன். "அப்பா தொட்டதில்லை" என்றவர், அடுத்த நொடியே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஃபேரி ஃபோர்ட் என்பது இதுதான். தேவதைக் கோட்டை என்று தமிழில் எழுதினால் இரண்டு சொல்லுமே தப்பு. பெரும்பாலானவை கி.பி. 500க்கும் 1000க்கும் இடையில் குடியானவர்கள் வாழ்ந்த வளவுகள். வட்டமாக அகழி வெட்டி, அந்த மண்ணையே கரையாகப் போட்டு, உள்ளே வீடு கட்டி, மாடுகளையும் காத்துக்கொண்டார்கள். ஐரிஷ் மொழியில் ராத், லிஸ் என்பார்கள். ராத்மைன்ஸ், லிஸ்டோவல், லிஸ்மோர் என்று ஊர்ப் பெயர்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டியவர்களை ஊர் மறந்ததும், ஊர் நம்பிக்கையில் வேறு ஆட்கள் குடியேறினார்கள்: ஃபேரிகள். அவர்களுக்குச் சிறகெல்லாம் கிடையாது, கோபம் உண்டு. பெயரைச் சொல்லப் பயந்து 'நல்லவர்கள்' என்பார்கள். நாகத்துக்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2017இல் கெர்ரி தொகுதி எம்.பி. டேனி ஹீலி-ரே, நெடுஞ்சாலை ஒன்று பள்ளமாவதற்கு இந்தக் கோட்டைகளே காரணம் என்றார். நாடே சிரித்தது, நானும்தான். ஆனால் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வட்டங்கள் இன்னும் மிஞ்சியிருப்பதற்குச் சட்டம் மட்டும் காரணம் என்று சொன்னால் நம்ப மாட்டேன். கரையை வெட்டினால் கை விளங்காமல் போகும், மாடு சாகும் என்ற பயம்தான் பெரிய காவல். 1999இல் கிளேர் மாவட்டத்தில் புதிய சாலைக்காக, ஃபேரிகளுடையது என்று நம்பப்பட்ட ஒற்றை ஹாதார்ன் முள்மரத்தை வெட்டக் கூடாது என்று கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்தார். மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள்.

இதுவரை எழுதியதைப் படித்து, "எவ்வளவு அழகான நம்பிக்கை!" என்று உருகுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. அதே நம்பிக்கைக்கு 1895ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று இருக்கிறது.

டிப்பரரி மாவட்டம், பாலிவாட்லி. பிரிட்ஜெட் கிளியரிக்கு வயது 26. துணி தைத்தும் கோழி வளர்த்தும் சொந்தக் காசு பார்த்தவர். காய்ச்சலில் படுத்தவரைப் பார்த்து, இது என் மனைவி இல்லை, கோட்டைக்காரர்கள் ஆளை மாற்றிவிட்டார்கள் என்றார் கணவர் மைக்கேல். பச்சிலையைப் பாலில் காய்ச்சி வாயில் திணித்தார்கள். நீ பிரிட்ஜெட்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டு, அடுப்புத் தீயின்மேல் பிடித்தார்கள். பெற்ற அப்பாவும் உறவுக்காரர்களும் அந்த அறையில்தான் இருந்தார்கள். மறுநாள் இரவு கணவர் எரித்தே கொன்றார். நீதிமன்றம் அதைக் கொலையாகக்கூடப் பார்க்கவில்லை. கொலையாகாத, மரணம் விளைவித்த குற்றம் என்றது. பதினைந்து ஆண்டில் வெளியே வந்துவிட்டார்.

மண்கரைக்குக் கிடைத்த பயபக்தி அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. எரித்த பிறகு மைக்கேல் கறுப்புப் பிடி போட்ட கத்தியோடு கைலநகிரானா கோட்டைக்குப் போய் இரவிரவாகக் காத்திருந்தார். உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவார், கட்டியிருக்கும் கயிற்றை அறுத்து மீட்டுவிடலாம் என்று. பிரிட்ஜெட் அப்போது வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஆழமில்லாத குழியில் கிடந்தார்.