புதுப் பாதை மட்டும் போதாது
நீள ஓட்டம் சலிக்காமல் இருக்க வாரம் ஒரு புதுப் பாதையில் ஓடினால் போதும் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. பாதை புதுசானாலும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே வேகத்தில் ஓடினால் பாதி தூரத்தில் அதே அலுப்புதான் வந்து நிற்கும். பழகிய பாதையிலேயே ஓடும் விதத்தை மாற்றிப் பாருங்கள். 1930களில் ஸ்வீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மேர் கொண்டுவந்த ஃபார்ட்லெக் முறை அதுதான்: அடுத்த மரம் வரை வேகம், மூச்சு சீராகும்வரை மெதுவோட்டம், மேடு வந்தால் மறுபடி வேகம். அந்நாட்டு ஓட்டக்காரர் குன்டர் ஹேக் காட்டுப் பாதையிலும் பனியிலும் இப்படிப் பயிற்சி எடுத்தவர். 1945இல் ஒரு மைலை 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடினார், 1954 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது ஒருவழி ஓட்டம். பஸ்ஸில் தொலைவாகப் போய் இறங்கி, வீட்டை நோக்கி ஓடி வருவேன். எந்தத் தெரு எங்கே போய் முட்டும் என்று பார்த்துப் பார்த்து ஓடுவதில் நேரம் போவதே தெரியாது. தண்ணீரும், முடியாமல் போனால் பஸ் ஏறக் கொஞ்சம் காசும் இடுப்புப் பையில் கட்டாயம் இருக்கட்டும். அலுப்புத் தெரியாமல் இருக்க, ஓடும்போது பாட்டுக் கேட்டாலே போதும் என்கிறார் இன்னொரு வாசகர். சரி, வண்டி வராத பூங்காவில் பரவாயில்லை. ஆனால் கல்லும் வேரும் துருத்திக்கொண்டிருக்கும் மண்பாதையில் ஓடிப் பாருங்கள். அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதிலேயே மனசு நிறைந்துவிடும், பாட்டு ஞாபகமே வராது.