பலகை வேறு, மாலை மரியாதை வேறு

அமெரிக்காவில் காரில் ஊர் சுற்றுகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். சாலையோரம் ஒரு கம்பம், அதன் மேல் ஒரு உலோகப் பலகை, அதில் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று பொடி எழுத்தில் சில வரிகள். ஹிஸ்டாரிக்கல் மார்க்கர் என்பார்கள். வண்டியை நிறுத்தி அதைப் படிக்கிற ரகம் நான். வீட்டில் இதற்கென்றே தனித் திட்டு உண்டு.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லிங்கன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. 1961 செப்டம்பரில் ஒரு ராத்திரி, காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பெட்டி, பார்னி ஹில் தம்பதி பறக்கும் தட்டை எதிர்கொண்டார்கள், இரண்டு மணி நேரம் அவர்களுக்குக் காணாமல் போனது என்று மாநில அரசே எழுதி, 2011இல் நட்டு வைத்திருக்கிறது. சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாடே பேசிய கதை அது, அங்கே நடந்ததாகச் சொல்லப்பட்டது. பதிவு செய்யட்டும்.

அதே மாநிலம் 2023 மே 1 அன்று தலைநகர் கான்கார்டில் எலிசபெத் கர்லி ஃப்ளின்னுக்கு ஒரு பலகை வைத்தது. 1890இல் அந்த ஊரில் பிறந்தவர். தொழிலாளர் போராட்டங்களில் பேசிப் பேசியே பெயர் வாங்கியவர். குடிமக்களின் உரிமைகளுக்காக இன்றும் வழக்காடுகிற ஏ.சி.எல்.யு. அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிற்பாடு அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சிக்கே தலைவரானார், 1964இல் மாஸ்கோவில் இறந்தார். கம்யூனிஸ்ட்டுக்கு அரசுப் பலகையா என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள், ஆளுநரும் சேர்ந்துகொண்டார். இரண்டே வாரத்தில் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் கட்சியில் சேர்ந்ததையும் சிறைக்குப் போனதையும் அந்தப் பலகை மறைக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். சிலை வைத்தால் கும்பிடு போடுகிறோம் என்று அர்த்தம். பலகை அப்படியல்ல, நடந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆளைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, எழுதியிருப்பது உண்மையா என்று கேட்க வேண்டும்.

"அப்போ எந்தப் பலகையையும் எடுக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். எடுக்கலாம். லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் ஊரில் இருந்ததை எடுத்தது நூற்றுக்கு நூறு சரி. 1872 ஆளுநர் தேர்தலில் யார் ஜெயித்தது என்ற தகராறு, மறு வருஷம் ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று ரத்தத்தில் முடிந்தது. நீதிமன்றக் கட்டிடத்தைக் காவல் காத்து நின்ற கறுப்பின மக்களை ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் கொன்று குவித்தது, சரணடைந்தவர்களையும் விடவில்லை. தண்டனை பெற்ற மிகச் சிலரையும் 1876இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காப்பாற்றிவிட்டது. 1950இல் அரசு வைத்த பலகை இதை எப்படிச் சொன்னது தெரியுமா? மூன்று வெள்ளையரும் 150 கறுப்பரும் இறந்த கலவரமாம், தெற்கில் வந்தேறிகளின், அதாவது வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களின், கெட்ட ஆட்சிக்கு அது முடிவு கட்டியதாம். செத்த கணக்கையும் எழுதிவிட்டு, அதைச் சாதனையாகவும் காட்டியிருக்கிறார்கள். யார் யாரைக் கொன்றார்கள் என்பது மட்டும் கிடையாது. 2021 மே வரை, எழுபது வருஷத்துக்கு மேல் அது அங்கேயே நின்றது.

உண்மையை எழுதிய பலகைக்கு வேறு கதி. 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனின் உடல் டாலஹாச்சி ஆற்றில் கிடைத்தது. அதைச் சொல்லும் பலகை 2008இல் ஆற்றோரம் வந்தது. முதலில் வைத்ததைத் திருடிக்கொண்டு போனார்கள். அடுத்ததைத் துப்பாக்கியால் துளைத்தார்கள், அதற்கடுத்ததையும் விடவில்லை. 2019இல் 500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள, குண்டு துளைக்காத பலகையை நிறுத்த வேண்டியதாயிற்று. துளைபட்ட ஒன்றை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. நல்ல காரியம், அந்த ஓட்டைகளும் வரலாறுதானே.

வர்ஜீனியாவில் 1927இலிருந்து பலகை வைக்கிறார்கள். அங்கே வைத்த துறையின் பெயரும் வருஷமும் அடியில் இருக்கும், நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். பழைய பலகையில் தப்போ ஒருதலைப்பட்சமோ இருந்தால் திருத்தி எழுதிப் புதிதாக வைக்கவும் செய்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர்காரர்களும் ஃப்ளின் பலகையில் எந்த வரி தப்பு என்று காட்டித் திருத்தியிருக்கலாம். அப்படி எதுவும் கேட்கவில்லை, நேராகப் பிடுங்கிவிட்டார்கள். பறக்கும் தட்டு பத்திரமாக இருக்கிறது.