ஒரு சாரம் மூட்ட முடியவில்லை, அதுக்குள்ளே மொஜிட்டோவாம்!

மட்டக்களப்பில் இன்னொரு ரெஸ்டோரன்டும் திறந்துவிட்டார்கள். வாசலில் பலூன் வளைவு, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, நடைபாதையை அடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரை. காலையிலிருந்து ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, கல்லடிப் பாலத்தால் இறங்குகிற எல்லோருடைய காதையும் அடைக்கிறார்கள். சரி, திறக்கட்டும். யாரும் நாலு காசு உழைப்பதில் எனக்கு எரிச்சல் இல்லை. எனக்கு எரிவது வேறு.

எனக்கு இடுப்பில் கட்டுகிற ஒரு சாரம் மூட்ட வேண்டும். அவ்வளவுதான். மருதமுனைக் கைத்தறி, மச்சான் வாங்கி வந்து தந்தது. இரண்டு முனையையும் சேர்த்து ஒரு நேர்த்தையல் போட்டால் வேலை முடிந்தது. இந்தப் பெரிய பட்டணத்தில், பர்கர் பத்து விதம் கிடைக்கிற இந்தப் பட்டணத்தில், அந்த ஒரு தையலுக்கு ஆளில்லை.

இருந்தார். ஓட்டுக்கூரைக் கடைவரிசையில், முன் விறாந்தையில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஒரு தையல்கார அண்ணர் இருந்தார். பக்கத்தில் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறவர். அதற்கடுத்து, ஒரேயொரு ஸ்குரூ வேண்டும் என்றாலும் முகம் சுளிக்காமல் டப்பாவைக் கவிழ்த்துத் தேடித் தருகிற இரும்புக்கடை. மூலையில் மா இடிக்கிற மில். இப்போது அந்த இடத்தில் மூன்று மாடிக் கண்ணாடி நிற்கிறது. கட்டடக்காரர் சுவிஸில். கீழே ரெஸ்டோரன்ட், மேலே உடுப்புக்கடை, அதற்கு மேலே 'வாடகைக்கு' என்ற துணி.

1924 இல் கட்டிய பழைய பாலத்தில் எதிர்ப்பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை வெயிலில் நின்று காய்ந்தவர்களுக்குத் தெரியும், 2013 இல் புதுப்பாலம் திறந்தபோது எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று. இனி ஊர் முன்னேறும் என்றோம். முன்னேறிவிட்டது. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், கல்முனை என்று சுற்றிக்கொண்டு வரும் ஏ4 பாதை இங்கே வந்துதான் முடிகிறது. அவ்வளவு தூரம் குலுங்கிக் குலுங்கி வருகிறவன், கொழும்பில் தின்ற அதே பொரித்த கோழியை இங்கேயும் தின்னலாம். அறுந்த செருப்பைத் தைக்க வேண்டும் என்றால் திரும்பிக் கொழும்புக்கே போகட்டும்.

முதலில் மேல்மாடி உடுப்புக்கடைக்குத்தான் போனேன். உடுப்பு விற்கிற இடத்தில் ஊசி நூல் இருக்கும்தானே. வாசலில் பையைப் பறித்து டோக்கன் தந்தார்கள். 'ஐயோ தம்பி, அந்தப் பைக்குள்ளேதான் சாரம் இருக்கு' என்று திரும்ப வாங்கிக்கொண்டு ஏறினால், ஒரு பொடியன் பின்னாலேயே வருகிறான். நான் நின்றால் நிற்கிறான். நான் திரும்பினால் மடித்த சேர்ட்டை எடுத்துத் திரும்ப மடிக்கிறான்.

'டெய்லர் இருக்கிறாரா மகன்?'

'ஆல்டரேஷன் எங்கட கடையில வாங்கின உடுப்புக்கு மட்டும்தான் அண்ணன்.'

'இதொரு தையல்தானே?'

'மூட்டின சாரமே இருக்கே அண்ணன், எடுத்துக் காட்டவா?'

சாரம் இருக்கிறவனுக்குச் சாரம் விற்கிறார்கள். கீழே இறங்கினேன். உச்சி வெயில், வாவிக் காற்று கூட அனல். நாக்கு வறண்டுவிட்டது. சரி, ஒரு பிளேன்டி குடிப்போம், அந்த அண்ணர் எங்கே போனார் என்று இந்தப் பொடியன்களிடமாவது விசாரிப்போம் என்று ரெஸ்டோரன்டுக்குள் நுழைந்தேன்.

உள்ளே ஈ காக்கை இல்லை. சோபாவில் உட்காரப் போனேன். 'அண்ணன், அது நாலு பேர் டேபிள்.' சரி, யன்னலோரம். 'அது ரிசேர்வ்ட் அண்ணன்.' யாருக்கு? தெரியாது. கடைசியில் பிளாஸ்டிக் இலை ஒட்டிய ஒரு சுவருக்கு முன்னால், கால் தரையில் படாத உயரக் கதிரையில் என்னை ஏற்றிவிட்டார்கள். மடியில் சாரப் பை.

'ஒரு பிளேன்டி தாங்க தம்பி.'

'ஸ்கேன் பண்ணுங்க அண்ணன்.'

மேசையில் கறுப்புச் சதுரம். போனில் டேட்டா முடிந்திருந்தது. வைஃபை பாஸ்வேர்ட் கேட்டேன். அது பில்லின் அடியில் அடித்திருக்குமாம். பில் எப்போது வரும்? ஓடர் பண்ணின பிறகு. ஓடர் எப்படிப் பண்ணுவது? ஸ்கேன் பண்ணி. அவனும் என்னைப் பார்த்தான், நானும் அவனைப் பார்த்தேன். பிறகு அவனுக்கே மனம் இரங்கி, யாரோ குடித்துவிட்டுப் போன பில்லைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வந்து விரித்துக் காட்டினான்.

மெனு திறக்க முதல் என் பெயர் வேண்டுமாம். போன் நம்பர் வேண்டுமாம். பிறந்த திகதியும் வேண்டுமாம். தேத்தண்ணி குடிக்க வந்தவனுக்குச் சாதகமா பார்க்கப் போகிறீர்கள்? எல்லாம் கொடுத்தேன். திறந்தது. பர்கர், பாஸ்தா, டொல்பின் கொத்து, சிரட்டையில் வைத்த புட்டு, அதற்குப் பக்கத்தில் மொஜிட்டோ என்கிற குளிர்பானம் ஆறு நிறத்தில். விரல் தேயத் தேய உருட்டினேன். பிளேன்டி இல்லை.

'பிளேன்டி இல்லையா தம்பி?'

'ஜிஞ்சர் இன்ஃபியூஷன் இருக்கு அண்ணன்.'

'அதென்ன?'

'இஞ்சி போட்ட பிளேன்டி.'

'அப்ப இஞ்சி போடாமல் தாங்க.'

'அப்பிடிச் சிஸ்டத்தில இல்ல அண்ணன்.'

சிஸ்டத்தில் இல்லையாம்! குசினிக்குள் சுடுதண்ணி இருக்கிறது, தேயிலை இருக்கிறது, போடத் தெரிந்த மனிதனும் இருக்கிறான், ஆனால் சிஸ்டத்தில் இல்லை. இஞ்சியோடேயே கொண்டு வா என்றேன். பாட்டு ஒன்று முடிந்து, இன்னொன்று முடிந்து, விளம்பரமும் முடிந்த பிறகு வந்தது. பலகை ஒன்றின் மேல், பிடி வைத்த ஜாம் போத்தலில், கறுவாப் பட்டை செருகி, புதினா மிதக்க, அரைச் சூட்டில். வாயில் வைக்கப் போகிறேன், மூக்கில் பட்டை குத்துகிறது.

அந்த நேரம் பார்த்து ஒரு பிறந்தநாள் கூட்டம் வந்து நுழைந்தது. 'அண்ணன், ஒரு நிமிசம் எழும்புறீங்களா? நீங்க செல்ஃபி வோலுக்கு முன்னால இருக்கீங்க.' எழும்பினேன். ஜாம் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போனால் அங்கே ஒரு குட்டி மேசை. மேலே கண்ணாடி, கீழே இரும்புக் கால். குனிந்து பார்த்தேன். தையல் மெஷின் கால்!

பழைய மிதி மெஷினின் கால். தலையைக் கழற்றி எறிந்துவிட்டு, கறுப்பு வர்ணம் பூசி, மேலே கள்ளிச்செடி வைத்திருக்கிறார்கள். மிதித்துப் பார்த்தேன். பக்கத்துச் சில்லு அழகாகச் சுற்றியது. என் கையில் மூட்டாத சாரம். காலடியில் மெஷின். இடையில் தலை மட்டும் இல்லை.

'அண்ணன், அத மிதிக்க வேணாம். டெக்கரேஷன்.'

சிரிப்பு வந்துவிட்டது. வேறென்ன செய்ய? இதே இடத்தில் ஒரு தையல்காரர் இருந்தாரே, எங்கே போனார் தெரியுமா மகன் என்று கேட்டேன். 'நான் ஏறாவூர் அண்ணன், எனக்குத் தெரியாது' என்றான். அவன் பாவம், என்னோடு மல்லுக்கட்டச் சம்பளம் வாங்குகிறவன்.

பில் வந்தது. தேத்தண்ணி 380. சேவைக் கட்டணம் பத்து வீதம், 38. மொத்தம் 418. வற் வரியை 2024 ஜனவரியில் 18 வீதமாக்கியபோது அரசாங்கத்தை வாய் நிறையத் திட்டினோம், அதுவாவது திறைசேரிக்குப் போகிறது. இந்த 38 ரூபாய்க்கு என்ன சேவை? ஸ்கேன் பண்ணியது நான். ஓடரை அழுத்தியது நான். கதிரையை விட்டு எழும்பியது நான். போத்தலைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் அலைந்ததும் நான். சேவை செய்தவனிடமே கட்டணம்! விலையைக் கண்ணில் படும்படி போட வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003 இலிருந்து இருக்கிறது, 1977 என்று முறைப்பாட்டு இலக்கமும் இருக்கிறது. போன் நம்பரும் பிறந்த திகதியும் கொடுத்த பிறகுதான் விலை தெரியும் என்றால், அது கண்ணில் படுகிறதா, கண்ணில் குத்துகிறதா?

ஐந்நூறு கொடுத்தேன். எண்பது ரூபாயும் ஒரு டொபியும் வந்தது. இரண்டு ரூபாய்க் குற்றி இல்லையாம். 'ஃபைவ் ஸ்டார் போட்டுவிடுங்க அண்ணன்.'

பொடியன்களுக்கு வேலை கிடைக்கிறதே என்று சொல்ல வருவீர்கள். தெரியும். தையல்காரர் செய்ததும் வேலைதான், சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டதும் வேலைதான். அவர்களுக்கு யார் பலூன் கட்டித் திறப்பு விழா வைத்தது? புதுக் கட்டடத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மெஷின் போட இடம் விட்டால் கண்ணாடி உடைந்துவிடுமா? அந்த மூலையில் இப்போது பிளாஸ்டிக் வாழைமரம் நிற்கிறது. ஐயா, மட்டக்களப்பில், பிளாஸ்டிக் வாழைமரம்!

வீட்டில் சொன்னால், 'ஊசி நூல் எடுத்து நீங்களே மூட்டுங்களன்' என்கிறாள். மூட்டலாம். குனிந்து நிமிரும்போது பிரிந்தால் யார் பொறுப்பு?

இதெல்லாம் முடிந்து ரெஸ்டோரன்டை விட்டு வெளியே வந்தால், என் மோட்டார் சைக்கிளை அணைத்தபடி மூன்று கட்டாக்காலி மாடு படுத்திருக்கிறது. ஹோர்ன் அடித்தேன், வாலை ஆட்டுகிறது. இரவில் இந்தக் கறுத்த மாடுகள் பாதை நடுவில் படுத்தால் கிட்டப் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. எத்தனை பேர் விழுந்து கை கால் முறித்துக்கொண்டார்கள். யாருடைய மாடு என்று கேட்டால் ஊரில் ஒருவனுக்கும் தெரியாது. பகல் முழுக்க றோட்டில் விட்டுவிட்டு, விடிய வெள்ளென வாளியோடு வரும்போது மட்டும் உங்கள் மாடு எது என்று எப்படியடா கண்டுபிடிக்கிறீர்கள்?