சாஸ்கட்டூனை விட்டுப் போனவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை

நாலைந்து நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று இங்கே இருக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். எழுதியவர் பெயரைப் போட விருப்பமில்லை. பார்க்காதவர்கள் தேடிப்போய்ப் பார்க்கவும் வேண்டாம்.

ஒரு குடும்பம் கனடாவின் சாஸ்கட்செவன் மாகாணத்தில் இருக்கிற சாஸ்கட்டூனிலிருந்து, ஒண்டாரியோவில் டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவுக்கு வீடு மாற்றுகிறது. அவர்கள் பி.என்.பி. வழியாக, அதாவது மாகாணமே ஆளைத் தேர்ந்து நியமிக்கிற திட்டத்தின் வழியாக, பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) வாங்கியவர்கள். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்று ஒரு படம் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போடுகிறார்கள். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "மாகாணத்தை ஏமாற்றி பி.ஆர். வாங்கிக்கொண்டு ஓடுகிற இந்த மாதிரி ஆட்களால்தான் பி.என்.பி. கோட்டா பாதியாகப் போனது, உண்மையானவன் தெருவில் நிற்கிறான்" என்று ஒருவர் எழுதுகிறார். கீழே அவ்வளவு பேர் கை தட்டுகிறார்கள். "துரோகிகள்" என்று ஒருவர். "பி.ஆரைப் பறிக்க வேண்டும்" என்று இன்னொருவர். படத்தில் இருந்த அவர்கள் குழந்தையின் முகத்தை மறைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த லாரியில் சாமான் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அதனால் எனக்குப் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் கோட்டா. 2024 அக்டோபரில் கனடா மத்திய அரசு குடிவரவுத் திட்டத்தை வெளியிட்டது. மாகாண நியமனத்தில் வருகிறவர்களுக்கு 2024இல் 1,10,000 என்று இருந்த இலக்கை 2025க்கு 55,000 ஆக்கியது. என்ன காரணம் சொன்னார்கள்? வீடு போதவில்லை, மக்கள்தொகை வேகமாக ஏறிவிட்டது, பொதுச் சேவைகள் தாங்கவில்லை. சாஸ்கட்செவனிலிருந்து ஒண்டாரியோ போன குடும்பங்களைத் தண்டிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லா மாகாணத்துக்கும் சேர்த்து வெட்டினார்கள். போனவர்கள் அதிகமுள்ள மாகாணத்துக்கும் வெட்டு, பெரும்பாலானவர்கள் அப்படியே தங்கிவிடுகிற ஒண்டாரியோவுக்கும் வெட்டு.

எங்கள் மாகாணத்துக்கு 2025 தொடக்கத்தில் கொடுத்த எண்ணிக்கை 3,625. 2009க்குப் பிறகு இவ்வளவு குறைவாக வந்ததில்லை என்று மாகாண அரசே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டது. கவனியுங்கள், நாங்கள் ஏமாற்றிவிட்டதாக நீங்கள் சொல்கிற மாகாணம், எங்களுக்கு ஆள் வேண்டும், எண்ணிக்கையைக் கூட்டு என்று ஓட்டாவாவிடம், அதாவது மத்திய அரசிடம், கேட்டுக்கொண்டிருந்தது. ஏமாந்தவன் அப்படியா கேட்பான்? பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். 2026க்கான நாடு தழுவிய இலக்கை 91,500 என்று மறுபடி ஏற்றியும் விட்டார்கள். போனவர்களால்தான் குறைந்தது என்றால் இது எப்படி ஏறியது? நடுவில் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வெட்டியது ஓட்டாவா. அந்தக் குடும்பம் வெட்டவில்லை. இதை இந்தப் பதிவில் இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"விண்ணப்பத்தில் இங்கேயே வாழ்வேன் என்று சொல்லித்தானே வாங்கினார்கள்?" என்பீர்கள். ஆமாம், சொன்னோம். நானும் சொன்னேன். மனதார எண்ணித்தான் சொன்னோம். வந்து, வாழ்ந்து, முயன்று பார்த்து, முடியாமல் போகிறவன் எப்படிப் பொய்யன் ஆவான்? கனடாவின் உரிமைச் சாசனம் 1982இலிருந்து இருக்கிறது. அதன் ஆறாவது பிரிவைப் படியுங்கள். குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் எந்த மாகாணத்துக்கும் போய் வசிக்கலாம், பிழைப்புத் தேடலாம். எண்ணெய் விலை ஏறினால் நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஆல்பர்ட்டாவுக்குப் போகிறார். அவரைத் துரோகி என்று யாராவது சொல்வார்களா? நமக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்? அதையும் நம்ம ஆட்களே எழுதுகிறார்கள், அதுதான் தாங்கவில்லை.

"ஏர்போர்ட்டில் இறங்கியதிலிருந்தே டொராண்டோவில் இருக்கிறவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். அது பொய்தான். பொய்த் தகவல் கொடுத்ததாக நிரூபணமானால் பி.ஆர். போகும், ஐந்து வருடத் தடையும் வரும். அவர்களுக்காக நான் பேசவில்லை. அந்தப் படத்தில் இருப்பவர்கள் அவர்கள் இல்லை.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.என்.பி. என்றால் ஏதோ சும்மா கிடைத்தது என்று நினைக்கிறவர்களுக்காக.

2017இல் நாங்கள் விண்ணப்பித்தபோது சாஸ்கட்செவனில் இப்போதுபோல விருப்பம் தெரிவித்துவிட்டுக் காத்திருக்கும் முறை கிடையாது. முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் ஆன்லைனில் விண்ணப்பம் திறக்கும். சில நூறு இடங்கள். சில மணி நேரத்தில் மூடிவிடும். இங்கே பகல் என்றால் சென்னையில் ராத்திரி. அம்பத்தூரில் ஷிஃப்ட் முடித்து வந்து, நானும் மனைவியும் மாறி மாறி விழித்திருந்து அந்தப் பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டே இருப்போம். நெட் போய்விட்டால் உயிரே போகும். படிப்பு, அனுபவம், ஆங்கிலம், வயது எல்லாம் பார்த்து 60 புள்ளி தேறினால்தான் உள்ளேயே நுழைய முடியும். தேவைப்படும் தொழில்கள் என்று மாகாணம் வெளியிட்ட பட்டியலில் என் தொழில் இருந்தது. இருந்ததால்தான் கூப்பிட்டார்கள். மாகாணத்தின் நியமனம், அதாவது நாமினேஷன், வந்த பிறகு மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் 600 புள்ளி ஏறியது. அன்று மனைவி அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது.

வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பட்டியலில் இருந்த வேலை ஊரில் இல்லை. தரக் கட்டுப்பாட்டில் அத்தனை வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு எங்கே போனாலும் "கனடா அனுபவம் இருக்கிறதா?" ஒரு மளிகைக் கடையில் ராத்திரி ஷிஃப்டில் பெட்டி பிரித்து அலமாரி அடுக்கினேன். அதில் எனக்கு அவமானம் எதுவும் இல்லை. ஆனால் மாகாணம் என்னை அதற்குக் கூப்பிடவில்லை, நானும் அதற்கு வரவில்லை.

ஹம்போல்ட் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். சாஸ்கட்டூனிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். எப்படிப் போவது? மாகாண அரசு நடத்தி வந்த பேருந்துக் கழகத்தை 2017 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் அக்டோபரில் கிரேஹவுண்டும் மேற்கு மாகாணங்களை விட்டுப் போய்விட்டது. புதிதாக வந்தவனிடம் கார் இருக்காது, லைசென்ஸ் இருக்காது. கூட வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ் அண்ணன் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் என்னைக் கூட்டிப்போனார். மைனஸ் முப்பதுக்குக் கீழே. போகிற வழியெல்லாம், இங்கே பார்க்கிங்கில் ஏன் கரண்ட் பிளக் இருக்கிறது, ராத்திரி காரின் பிளாக் ஹீட்டரை அதில் சொருகாவிட்டால் காலையில் இன்ஜின் என்ன ஆகும் என்று சொல்லிக்கொடுத்தபடி ஓட்டினார். அந்த வேலை கிடைக்கவில்லை. பெட்ரோலுக்குக் காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அவர் இப்போது கால்கரியில் இருக்கிறார். அவரும் துரோகியா?

எனக்குப் பிறகு பொட்டாஷ் சுரங்கங்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அதனால் இருக்கிறேன். அந்தப் படத்தில் இருக்கிற நண்பருக்குக் கிடைக்கவில்லை. அதனால் போனார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான். நான் நேர்மையானவன், அவர் ஏமாற்றுக்காரர் என்று யாராவது பிரித்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பதிவின் கீழே ஒருவர் என் பெயரையே போட்டு, "இவரைப் பாருங்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறார்" என்று பாராட்டியிருந்தார். ஒரு நண்பனை அடிக்க என்னைக் கோலாக எடுக்காதீர்கள்.

அவர் மெஷின் டிசைன் படித்தவர். கிடங்கில் சாமான் தூக்கினார், அந்த வேலையும் ஆட்குறைப்பில் போனது. மனைவி ஊரில் நர்ஸாக இருந்தவர். இங்கே அவருடைய சான்றிதழ்களைச் சரிபார்க்கிற வேலை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாகாணமே நர்ஸ் இல்லை நர்ஸ் இல்லை என்று தவிக்கிறது, வீட்டுக்குள் ஒரு நர்ஸ் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அப்புறம்தான் மிசிசாகாவில் அவர் படித்த படிப்புக்கே ஒரு வேலை வந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் உண்மையாகவே கேட்கிறேன்.

எல்லோரும் ஓடிவிடுகிறார்கள் என்பதும் சரியில்லை. மத்திய குடிவரவுத் துறையே 2017இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. மாகாண நியமனத்தில் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் நியமித்த மாகாணத்திலேயே இருந்தார்கள். பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாதிரி சில இடங்களில் மிகக் குறைவு, ஆல்பர்ட்டாவில் மிக அதிகம். வேலை இருக்கிற இடத்தில் மனிதர்கள் தங்குகிறார்கள். இதில் ஒழுக்கம் எங்கே வந்தது?

அந்தத் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் நாமினேஷனைக் கால் பங்கு குறைத்து, மருத்துவம், கட்டுமானம், குழந்தைப் பராமரிப்பு போன்ற துறைகளுக்குத்தான் முன்னுரிமை என்றார்கள். கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்த்தவர்களுக்குத் திடீரென்று வழி அடைபட்டது. மே மாதம் சார்லட்டவுனில் உண்ணாவிரதம் இருந்தார்கள், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகள். தீவை விட்டுப் போக விடுங்கள் என்றா கேட்டார்கள்? இங்கேயே இருக்க விடுங்கள் என்று கேட்டார்கள். இருக்கிறேன் என்று பட்டினி கிடந்தவனையும் போ என்றார்கள். போகிறவனை ஏன் போகிறாய் என்று நம்ம ஆட்கள் திட்டுகிறார்கள்.

"உனக்கென்ன, நீ வந்து வீடு வாங்கிவிட்டாய், காத்திருக்கிறவன் வலி தெரியுமா?" என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, இந்த வார்த்தை வலித்தது. நான் விழித்திருந்த ராத்திரிகளை நீங்கள் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் கோபம் நியாயம்தான். அதைக் காட்டுகிற இடம்தான் தவறு. வெட்டியவர்கள் மேல் காட்டுங்கள். நாலு பெட்டியோடு வீடு மாறுகிற குடும்பத்தின் மேல் காட்டாதீர்கள்.

டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் கல்யாணங்களுக்குப் போனால் எங்களைப் பார்த்து வேறு கேள்வி. "இன்னும் அங்கேயேவா இருக்கீங்க? எப்ப இந்தப் பக்கம் வரப்போறீங்க?" இருந்தால் பாவம் என்று பார்க்கிறீர்கள், போனால் துரோகி என்கிறீர்கள். இரண்டையும் ஒரே ஆட்களே சொல்கிறார்கள். எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது. குளிர் என்ற ஒரே ஒரு செய்தி தெரியும். தெற்கு சாஸ்கட்செவன் ஆற்றங்கரையில் என் மகள் சைக்கிள் பழகினாள். பொங்கலுக்கு ஒரு பள்ளியின் ஹாலை வாடகைக்கு எடுத்து, வெளியே மைனஸ் முப்பத்தைந்தில் உள்ளே கும்மி அடித்திருக்கிறோம். அந்த நண்பரின் மனைவிதான் எல்லோருக்கும் கோலம் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் போனதில் நஷ்டம் எங்களுக்கு. எங்களில் ஒருவர்கூட அவர்களைத் திட்டவில்லை. இரண்டாயிரத்து சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உங்களுக்கு என்ன வந்தது?

சரி, உண்மையாகவே தெருவில் நிற்கிறவனைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் அவன் பெயரைச் சொல்லித்தானே ஆரம்பித்தீர்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பையன் இங்கே இருக்கிறான், திருச்சிப் பக்கம். இங்கேயே டிப்ளமா படித்தான், ஒரு உணவகத்தில் சூப்பர்வைசர். 2025 மார்ச்சில் மாகாணம் விதியை மாற்றியது. உணவகம், லாரி, சில்லறைக் கடை மூன்றுக்கும் சேர்த்து மொத்த நாமினேஷனில் 25 சதவீதம்தான் என்று உச்சவரம்பு. அதிலும் இந்தத் துறைகளில் வொர்க் பெர்மிட் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். முன்னாடியே போட்டு வைக்கலாம் என்றால் விடமாட்டார்கள். கடைசி நேரத்தில் போனால் அந்தத் துறைக்கான இடம் மிச்சம் இருக்க வேண்டும். முதலாளி நல்லவர், எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். இடம்தான் இல்லை. அவனுக்கு டொராண்டோ வேண்டாம், வான்கூவர் வேண்டாம். இந்த ஊரிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்பது. உங்கள் பதிவுக்கு விழுந்த அத்தனை லைக்கில் ஒருவராவது இவனைப் போன்ற ஒருவனுக்கு ஒரு போன் செய்திருப்பாரா?

அவன் வொர்க் பெர்மிட் இந்த இலையுதிர் காலத்தில் முடிகிறது. உச்சவரம்பு இல்லாத துறைகளில் தேடிக்கொண்டிருக்கிறோம். முதியோர் இல்லம், பண்ணை, உணவு பதப்படுத்தும் ஆலை, எதுவானாலும் சரி. ரெஜைனா, பிரின்ஸ் ஆல்பர்ட், யார்க்டன், ஸ்விஃப்ட் கரண்ட் எங்கே என்றாலும் போவான், கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது. முழுநேர நிரந்தர வேலை, நாமினேஷனுக்குத் துணை நிற்கிற முதலாளி. தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அவன் விவரங்களை இன்றே அனுப்புகிறேன். காசு கேட்கிற கன்சல்டன்ட்கள் தயவுசெய்து வர வேண்டாம்.