மான்ஸ்டைனுக்கு எல்லாம் நினைவிருந்தது, அது மட்டும் மறந்துவிட்டதாம்

ஞாயிற்றுக்கிழமை நம் போர் வரலாற்றுக் குழுவில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி சொல்லவில்லை. ஹிட்லரின் தளபதி எரிக் ஃபான் மான்ஸ்டைனைப் பற்றி அண்ணன் போட்ட அந்த நீளமான வீடியோவில், 1949இல் ஹம்பர்கில் அவர்மீது நடந்த போர்க்குற்ற விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்று கேட்டேன். அவ்வளவுதான். "லேடீஸுக்கு ராணுவ வியூகமெல்லாம் புரியாது" என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

சரி, புரிந்த வரைக்கும் சொல்கிறேன். 1940இல் ஆர்டென் காட்டு வழியே டாங்கிகளை அனுப்பி பிரான்சை மடக்கிய யோசனை அவருடையது. 1942இல் செவஸ்தபோல், 1943 மார்ச்சில் கார்கிவ் என்று சோவியத் நகரங்களைப் பிடித்தவர். கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றார்கள்? அதே கெட்டிக்காரர்தான் 1941 நவம்பர் 20 அன்று, 11ஆம் படையின் தளபதியாக, "யூத போல்ஷெவிக் அமைப்பை" (சோவியத் ஆட்சிக்கு நாஜிகள் வைத்த பெயர்) ஒரேயடியாக ஒழித்துக்கட்ட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு உத்தரவு அனுப்பினார். அடுத்த மாதமே, அவருடைய படையின் கையில் இருந்த கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில், எஸ்.எஸ். என்ற நாஜி அமைப்பின் அதிகாரி ஓலண்டார்ஃபின் கொலைக்குழு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைச் சுட்டுக் கொன்றது. 1946இல் நியூரம்பெர்க் போர்க்குற்ற நீதிமன்றத்தில் அந்த உத்தரவைக் காட்டிக் கேட்டபோது, நினைவே இல்லை என்றார். எந்த டிவிஷன் எங்கே நின்றது என்பதெல்லாம் நினைவில் வைத்து 1955இல் தடிமனாகப் புத்தகம் எழுதியவர்!

"மேலிடத்து உத்தரவு, பாவம் அவர் என்ன செய்வார்?" என்பீர்கள். என் அப்பா ஒரு கிடங்கில் கணக்கர். எடை குறைந்த மூட்டைகளுக்கு முழு எடை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது மாட்டேன் என்றார். தூக்கி வேறு ஊருக்கு அடித்தார்கள், நாங்கள் பாதிப் படிப்பில் பள்ளி மாறினோம். மான்ஸ்டைனுக்குத் தைரியம் இல்லாமலா? பின்வாங்க அனுமதி கேட்டு ஹிட்லரிடமே மல்லுக்கு நின்றவர் அவர். 1944 மார்ச்சில் பதவி போனது, தலை போகவில்லை.

"ஜெயித்தவன் நடத்திய விசாரணை" என்பீர்கள். அவருக்காக வாதாடிய பேஜெட் யார்? பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், கூலி வாங்காமல் வாதாடினார். வழக்குச் செலவுக்குச் சர்ச்சிலே பணம் கொடுத்தார். 17 குற்றச்சாட்டுகளில் எட்டில் விடுதலை. கைதிகள் சுடப்பட்டது, பொதுமக்களைக் காக்கத் தவறியது உள்பட ஒன்பதில்தான் குற்றவாளி. 18 ஆண்டு தண்டனை 12 ஆகி, 1953 மே மாதமே வெளியே வந்துவிட்டார். இதுவா பழிவாங்கல்? நேச நாடுகள் மட்டும் யோக்கியமா என்பவர்கள் அதைத் தனிப் பதிவாகப் போடுங்கள், நானும் வந்து படிக்கிறேன்.

எனக்கு வலிப்பது வேறு. டாங்கியின் இன்ஜின் குதிரைசக்தி வரைக்கும் மனப்பாடமாக ஒப்பிக்கிற ஆட்கள், செத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் "உணர்ச்சிவசப்படாதீங்க சகோதரி" என்கிறார்கள். ஏன் படக்கூடாது? வருடக்கணக்காக இதே குழுவில் உட்கார்ந்து உங்கள் வரைபடத்தையெல்லாம் பொறுமையாகப் பார்த்தவள் நான்.

அப்புறம், இன்பாக்ஸில் வந்து "நீங்க சொல்றது சரிதான்க்கா, ஆனா அண்ணன் மனசு நோகுமே" என்ற தம்பிகளுக்கு: உங்கள் சிரிப்புப் பொம்மை இன்னும் அந்தக் கமெண்டின் கீழேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.