பி.எஸ்.பி. தோற்கவில்லை

கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "நின்டெண்டோ டி.எஸ்.ஸிடம் சோனியின் பி.எஸ்.பி. தோற்றுப்போனது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இரண்டும் 2004 இறுதியில் மூன்று வார இடைவெளியில் வெளிவந்தவை. டி.எஸ். 15.4 கோடி கருவிகள் விற்றது. பி.எஸ்.பி. 7.6 கோடிக்கு மேல். பாதிதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த நின்டெண்டோ 3டி.எஸ். தன் ஆயுள் முழுவதும் விற்றது 7.59 கோடி. அதை மட்டும் வெற்றி என்கிறோம். இது என்ன நியாயம்?

பி.எஸ்.பி.க்கு முன்பு நின்டெண்டோவை எதிர்த்து நின்றவர்களின் கதையையும் பார்க்க வேண்டும். 1990இல் வந்த சேகா நிறுவனத்தின் கேம் கியரில் வண்ணத்திரை இருந்தது. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். நின்டெண்டோவின் கேம் பாய் நான்கு பேட்டரியில் நாள் முழுக்க ஓடியது, விலையும் குறைவு. கேம் கியர் சுமார் ஒரு கோடியோடு நின்றது. அந்த ஒரு கோடியை ஏழு மடங்குக்கும் மேலாக்கிய கருவியைத்தான் தோல்வி என்கிறோம்.

டி.எஸ்.ஸின் பெருமையை நான் குறைக்கவில்லை. புத்தகம் போலத் திறந்து பிடித்து, எழுதுகோலால் கணக்குப் போடும் மூளைப் பயிற்சி விளையாட்டை 2005இல் வெளியிட்டு, அதுவரை விளையாட்டுக் கருவியைத் தொட்டே பார்க்காத பெரியவர்களையும் வாங்க வைத்தார்கள். அது பி.எஸ்.பி.யிடமிருந்து பறித்த கூட்டம் அல்ல, புதிதாக வந்த கூட்டம்.

பி.எஸ்.பி.யின் கூட்டம் வேறு. என்னுடையதில் விளையாட்டுத் தட்டைப் போட்டு மூடியதும் உள்ளே அது 'கிர்ர்' என்று சுழலத் தொடங்கும். விரல்களில் அந்த அதிர்வு தெரியும். ஜப்பானில் 'மான்ஸ்டர் ஹண்டர்' விளையாட நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும், இணையமே வேண்டாம், கருவிகள் தாமாகப் பேசிக்கொள்ளும். நண்பன் வைத்திருக்கிறான் என்பதற்காகவே அடுத்தவனும் வாங்கினான். 2010இல் வந்த அதன் மூன்றாம் பாகம் அந்த நாட்டில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

இந்தப் பலத்தைச் சோனியே காப்பாற்றவில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2011 பிப்ரவரியில் 25,000 யென்னுக்கு வந்த 3டி.எஸ். திணறியபோது, நின்டெண்டோ ஆறு மாதத்துக்குள் விலையை 15,000 ஆக்கியது. தலைவர் இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முதலில் வாங்கியவர்களுக்கு இருபது விளையாட்டுகள் இலவசம். டிசம்பர் 10இல் மான்ஸ்டர் ஹண்டரும் அங்கே போய்ச் சேர்ந்தது. சோனியின் அடுத்த கருவியான வீட்டா கடைக்கு வந்தது அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, ஏறக்குறைய 25,000 யென்னுக்கு.

தோல்வி என்ற சொல் கட்டாயம் வேண்டுமென்றால் அதை வீட்டாவுக்குக் கொடுங்கள். அதன் விற்பனைக் கணக்கைத் தனியாகச் சொல்வதையே சோனி நிறுத்திக்கொண்டது. இத்தனைக்கும் திரை கண்ணைப் பறிக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண மெமரி கார்டு அதில் ஏறாது. சோனியின் அட்டை மட்டும்தான் ஏறும். நகத்தளவுதான் இருக்கும் அந்த 32 ஜி.பி. அட்டைக்கு அமெரிக்காவில் முதலில் வைத்த விலை 100 டாலர்.